சுகமில்லாத நாளில் எதில் போவது? மோட்டார் சைக்கிள், பின்னிருக்கை, ஓட்டோ, பஸ்: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்து வீடொன்றில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், எந்த வைத்தியரிடம் போவது, எத்தனையாம் நாள் இரத்தம் சோதிப்பது என்று வீடு முழுவதும் கூடிப் பேசும். எதில் போவது என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை. மோட்டார் சைக்கிள் படலையடியில் நிற்கிறது, சாவி சுவரில் தொங்குகிறது, ஆகவே நோயாளியே அதை எடுத்துக்கொண்டு போவது என்பது யாரும் முடிவெடுக்காமலே முடிவாகிவிடுகிறது.

நானும் அப்படிப் போனவன்தான். ஒரு மாரிகாலப் பின்னேரம், யாழ் நகரில் வேலை முடிந்ததும் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்து, தந்த குளிசைகளில் முதல் வேளைக்குரியதை அங்கேயே தண்ணீருடன் விழுங்கிவிட்டு, நெல்லியடிக்கு ஓடத் தொடங்கினேன். அந்தக் குளிசைகளில் ஒன்று நித்திரை கொள்ளச் செய்யும் என்று தந்தவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோப்பாய் வரை ஒன்றும் தெரியவில்லை. வல்லை வெளிக்கு வந்தபோது வாடைக்காற்று பக்கவாட்டில் அடிக்க, குளிரில் கை நடுங்கி அக்சிலேற்றர் தானாகக் கூடிக் குறைந்தது. மூச்சுப் பட்டுத் தலைக்கவசக் கண்ணாடி பனித்தது. கண்ணாடியை உயர்த்தினால் தூறல் கண்ணில் குத்தியது. ஆனால் விழுந்தது அங்கே அல்ல. நெல்லியடிச் சந்தியில் பஸ் ஒன்றுக்கு வழிவிட்டு நின்றபோது, ஊன்றிய இடது கால் முழங்காலில் மடங்க, நின்ற நிலையிலேயே வண்டி என்மேல் சாய்ந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்திய கடைக்கார அண்ணை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, காய்ச்சலோடயே வல்லையால வந்தனீர்? போன் ஒண்டு அடிச்சிருந்தா ஆராவது வந்து ஏத்தியிருப்பினம்தானே."

அன்று போகும் வழியை மட்டும் யோசித்து, திரும்பும் வழியை யோசிக்காமல் விட்டதுதான் என் பிழை. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தப் பிழையை நடுவில் வைத்தே எழுதப்பட்டது.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது, வந்திருக்கும் நோய் எதைத் தாக்குகிறது என்பது. இரு சில்லு வண்டியை ஓட்டுவதற்குச் சமநிலை, கண்பார்வை, கைப்பிடி, விழிப்பு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வேண்டும். கார் ஓட்டுபவருக்குத் தலை சுற்றினால் கார் தன் நான்கு சில்லில் நிற்கும், மோட்டார் சைக்கிள் நிற்காது. கால் வலித்தாலும் தெளிவாக இருப்பவரைவிட, வலி எதுவுமின்றித் தலை கிறுகிறுப்பவரே வீதியில் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்.

இரண்டாவது, பாதையும் நேரமும். ஊருக்குள் ஒழுங்கை வழியே 2 கிலோமீற்றர் போவதும், பருத்தித்துறை வீதியில் 30 கிலோமீற்றருக்கு மேல் போவதும் ஒன்றல்ல. வல்லை வெளி, பண்ணைப் பாலம், காரைநகருக்குப் போகும் பொன்னாலைப் பாலம் ஆகிய மூன்றும் இரு பக்கமும் திறந்த இடங்கள். மாரியில் வாடைக்காற்றும் வைகாசிக்குப் பின் சோழகக் காற்றும் அங்கே வண்டியைப் பிடித்துத் தள்ளும். சுகதேகிக்கே அங்கு கை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, திரும்பி வருதல். வைத்தியசாலைக்குப் போகும்போது இருந்த உடல் திரும்பும்போது இருப்பதில்லை. வெளிநோயாளர் பிரிவில் சாப்பிடாமல் மணிக்கணக்கில் இருந்திருக்கலாம், ஊசி போட்டிருக்கலாம், சேலைன் ஏற்றியிருக்கலாம், நித்திரைக் குளிசை உள்ளே போயிருக்கலாம். வார்ட்டில் மறித்து வைத்தாலோ திரும்பி வருதல் என்பதே இல்லை. வண்டி மட்டும் வாகனத் தரிப்பிடத்தில் தனியே நிற்கும்.

நான்காவது செலவு. கையில் கொடுக்கும் காசைவிட, பிறகு கொடுக்க நேரும் காசே பெரியது என்பதால் அதைத் தனியாக எழுதாமல் ஒவ்வொரு வழியோடும் சேர்த்துச் சொல்கிறேன்.

## தானே ஓட்டிப் போவது

இதன் வசதியை மறுக்க முடியாது. யாரையும் கேட்கத் தேவையில்லை, நினைத்த நேரத்தில் புறப்படலாம், பெற்றோல் செலவு ஓட்டோக் கூலிக்குக் கிட்டவும் வராது. காய்ச்சல் இல்லாத சாதாரண தடிமனுக்கோ, கையில் வந்த சிறு கொப்புளத்துக்கோ, ஊர் வைத்தியரிடம் பகல் வெளிச்சத்தில் போய்வர இதைவிட நல்ல வழி இல்லை.

தடிமன்தானே என்று சொல்லும்போதும் ஒரு கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கிறது. தும்மும்போது கண் அரை விநாடி மூடினால் 7 மீற்றர், அதாவது ஒரு மினி பஸ்ஸின் நீளம், பார்க்காமல் ஓடியதாகிறது. தும்மல் ஒன்றோடு நிற்பதும் அரிது. தலைக்கவசத்துக்குள் தும்மியவர்களுக்கு அதன் பிறகு கண்ணாடிக்கு என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

காய்ச்சலோடு ஓட்டுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பனடோல் போட்டதும் சூடு இறங்கி, வியர்த்து, உடம்பு லேசானதுபோல் தெரியும். அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தை நம்பிப் புறப்படுபவர்கள், வைத்தியசாலையில் காத்திருக்கும்போதே பனடோலின் வேகம் முடிந்து, மீண்டும் குளிர் பிடித்த நிலையில் திரும்ப வேண்டியிருக்கும் என்பதை எண்ணுவதில்லை. ஈரமான சேட்டோடு காற்றில் ஓடும்போது நடுக்கம் இரட்டிப்பாகும். நடுங்கும் விரல்களால் பிரேக்கையும் கிளச்சையும் அளவாகப் பிடிக்க முடியாது.

டெங்கு இதைவிடக் கெட்டித்தனமாக ஏமாற்றும். எங்கள் மாவட்டத்தில் வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு கூடுவது ஆண்டுதோறும் காணும் காட்சி. அந்த நோயில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்கும்போதுதான், அதையொட்டிய 24 முதல் 48 மணித்தியாலத்தில்தான் வருகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பொருள் கசிந்து, இரத்த அழுத்தம் சரிந்து, எழும்பி நின்றவுடன் கண் இருட்டும். காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை, நானே போய் இரத்த றிப்போட்டை எடுத்து வருகிறேன் என்று ஒருவர் வண்டியில் ஏறும் நாளும், அவர் மயங்கக்கூடிய நாளும் பெரும்பாலும் ஒரே நாள். குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருக்கும் அந்த நேரத்தில், மற்ற நாளில் சிராய்ப்போடு போயிருக்கக்கூடிய விழுதல்கூட உள்ளே இரத்தம் கசியும் காயமாகலாம். உடல் நோவுக்கென்று புரூபன், டைக்குளோபெனாக், டிஸ்பிறின் போன்றவற்றைப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். டெங்கு என்ற ஐயம் இருக்கும்வரை பனடோல் மட்டுமே, அதுவும் அளவோடு.

அடுத்தது குளிசைகள். தடிமனுக்கும் தோல் அரிப்புக்கும் பொதுவாகத் தரப்படும் குளோர்பெனிரமின், பிரிற்றன் என்று எல்லாருக்கும் தெரிந்த சின்னக் குளிசை, நித்திரையைக் கொண்டுவரும். அதன் தூக்கக்கலக்கம் சிலருக்கு அடுத்த நாள் விடியவும் கலையாது. செற்றிறிசின் அதைவிடக் குறைவாகவே நித்திரை தரும் என்றாலும் சிலரை அதுவும் அசத்தும்; லோறற்றடின், பெக்சோபெனடின் ஆகியவை பெரும்பாலானோரை அவ்வளவாக அசத்துவதில்லை. சத்திக்கும் பயணத் தலைச்சுற்றுக்கும் கொடுக்கும் புறோமெதசின், சில இருமல் பாணிகள், தசைப்பிடிப்புக்குத் தரும் குளிசைகள் ஆகியனவும் இதே வகைதான். இங்கே கெட்டது என்னவென்றால், நித்திரை வருவதை ஓட்டுபவர் உணர்வதற்கு முன்பே அவருடைய கை மெதுவாகிவிடுகிறது. பாமசியில் துண்டைக் கொடுக்கும்போது, "இது நித்திரை வருமோ, நான் வாகனம் ஓட வேணும்" என்று ஒரு வசனம் கேட்டால் போதும். வேறு குளிசை தரலாமா என்று வைத்தியரிடம் கேட்கவும் நேரம் இருக்கும். முதல் வேளையை வீட்டுக்கு வந்து எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வெறுவயிற்றில் இரத்தம் கொடுக்க விடிய வண்டியில் போகும் பழக்கம் எங்கும் உண்டு. வழக்கமான குளிசையையோ இன்சுலினையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் ஓடினால், அல்லது வயிற்றோட்டத்தால் உணவு தங்காத நாளில் ஓடினால், சீனி இறங்கி வியர்த்துக் கை நடுங்கிப் பார்வை கலங்கும். அந்த நேரத்தில் புத்தியும் கலங்குவதால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்ற எண்ணமே வராமல் போகலாம். இரத்தம் கொடுத்தவுடன் சாப்பிட ஒரு பார்சலைக் கையோடு கொண்டுபோவதும், வண்டியைச் சாப்பிட்ட பிறகே தொடுவதும் நல்லது.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் மிகப் பெரியது. சட்டப்படி கட்டாயமான மூன்றாந்தரப்புக் காப்புறுதி, ஓட்டுபவர் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கே. கால் முறிந்த ஓட்டுநருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. கிளச் லீவரும் சைட் கண்ணாடியும் மாற்றுவது அதற்குப் பக்கத்தில் சில்லறைக் காசு. நான் மிச்சம் பிடித்த ஓட்டோக் கூலியை நெல்லியடிச் சந்தியில் விழுந்த ஒரு நிமிடம் தின்றுவிட்டது.

## ஒருவரின் பின்னால் ஏறிப் போவது

அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டுப் பெடியன் என்று ஒருவர் கிடைத்தால் இதுவே எங்கள் ஊரில் அதிகம் நடப்பது. நோயாளிக்குத் துணையும் கிடைக்கிறது. இலக்கம் எடுக்க ஒருவர், மருந்து எடுக்க ஒருவர் என்று வேலையும் பங்கிடப்படுகிறது. திரும்பும் வழியைப் பற்றிய கவலையும் பெரும்பாலும் தீர்கிறது. மறித்து வைத்தால் கூட்டிவந்தவரே வண்டியைக் கொண்டுபோய்விடுவார், உடுப்பும் சுடுதண்ணிப் போத்தலும் எடுத்துவருவார்.

ஆனால் பின்னால் இருப்பதற்கும் உடம்பில் ஒரு பிடி வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவர், சத்தி எடுப்பவர், எழும்பி நிற்கவே தலைசுற்றுபவர் ஆகியோர் பின்னிருக்கைக்கு ஏற்றவர்கள் அல்லர். அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவரும் சேர்ந்தே சாய்வார். இதற்கு ஊரில் கண்டுபிடித்திருக்கும் தீர்வு, நோயாளியை நடுவில் வைத்து மூன்றாவது ஆள் பின்னால் இருந்து அணைத்துப் பிடிப்பது. அன்பு புரிகிறது, ஆனால் அது சட்டத்துக்கும் மாறானது, ஓட்டுபவருக்குத் திரும்பவும் நிறுத்தவும் இடமில்லாமலும் செய்வது. நோயாளிக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதை, தலையிடிக்குது என்று அதைக் கழற்றிக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தலைக்கவசத்தைத் தாங்க முடியாத அளவு தலையிடி என்றால் அது ஓட்டோவுக்குரிய தலையிடி.

இன்னொரு சங்கடம், இருமல். பின்னால் இருப்பவர் முழு வழியும் முன்னால் இருப்பவரின் பிடரியில்தான் இருமுவார். முகக்கவசம் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

## ஓட்டோ

காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் தலைச்சுற்றுக்கும் என் முதல் தெரிவு இதுதான். சாயலாம், பக்கத்தில் ஒருவர் இருந்து பிடிக்கலாம், வழியில் நிறுத்திச் சத்தி எடுக்கலாம், படலைக்கே வரும், வைத்தியசாலை வாசலில் இறக்கும். இப்போது பிக் மீ வழியாகவும் பிடிக்கலாம் என்றாலும், இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரின் இலக்கம் போனில் இருப்பதே ஊர்ப்புறத்தில் உறுதியான ஏற்பாடு.

குறை இல்லாமல் இல்லை. மழைக்குப் பக்கச் சீலையை இறக்கினாலும் சாரல் உள்ளே வரும். நாரிப்பிடிப்புக்கும் கடும் வயிற்றுவலிக்கும் குழி விழுந்த ஒழுங்கைகளில் ஓட்டோவின் குலுக்கம் பெரிய வாதை. செலவில் மறைந்திருப்பது காத்திருப்புக் கூலி: போய்வரக் கூலி பேசி, இரத்த றிப்போட் வர மூன்று மணித்தியாலம் ஆனால் பேசிய காசு எங்கோ போய்விடும். போகும்போது ஒன்றில் போய், திரும்பும்போது வேறொன்றைப் பிடிப்பது நகரில் மலிவு. வடமராட்சி கிழக்கிலோ தீவுப் பகுதியிலோ திரும்ப ஓட்டோ கிடைப்பது நிச்சயமில்லை என்பதால் அங்கே காத்திருப்புக் கூலி கொடுப்பதே புத்தி.

## பஸ்

சுகமில்லாதவரைப் பஸ்ஸில் அனுப்புவதா என்று வீட்டார் முகம் சுளிப்பார்கள். சில வேளைகளுக்கு அது நல்ல தெரிவு என்பதே என் அபிப்பிராயம். யாழ் போதனா வைத்தியசாலை மத்திய பஸ் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே பருத்தித்துறையிலிருந்தோ காங்கேசன்துறைப் பக்கமிருந்தோ மாதாந்தக் கிளினிக்குக்கு வருபவருக்கு வண்டி ஓடும் களைப்பும் இல்லை, அதை எங்கே விடுவது என்ற தேடலும் இல்லை. கண் கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்: கண்மணியை விரிக்கும் துளி மருந்து விட்டால் சில மணித்தியாலங்களுக்குக் கிட்டப்பார்வை மங்கி, வெயில் கண்ணைக் கூசும். அந்தக் கண்ணோடு கண்டி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எவருக்கும் தகாது. வரும்போது நன்றாக இருக்கும் கண்தான் என்பதால் பலர் வண்டியில் வந்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

பஸ் பொருந்தாத இடங்களும் தெளிவானவை. காய்ச்சலோடும் இருமலோடும் நெரிசலில் நிற்பவர், தனக்கும் கெடுதல் செய்து பக்கத்தில் நிற்கும் கிழவிக்கும் குழந்தைக்கும் நோயைக் கொடுக்கிறார். வயிற்றோட்டக்காரருக்குப் பஸ் ஒரு சித்திரவதை. பின்னேரத்துக்குப் பிறகு உள்ளூர்ப் பஸ்கள் குறைந்துவிடும். கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால் ஓட்டோக் கூலி அந்த நேரத்துக் கூலியாக இருக்கும்.

## போகாமல் இருப்பது, அல்லது 1990 அம்புலன்ஸ்

வேலைக்கென்றால் போகாமல் இருப்பதே பெரும்பாலும் சரி. மேசனுக்கும் தோட்டக் கூலிக்கும் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதை நான் அறிவேன்; கந்தோரில் லீவு போடும் வசதி இருப்பவர் அதை எழுதுவது எளிது. ஆனாலும் நடுக்கத்தோடு ஓடிப் போய் அரைநாள் வேலை செய்வதைவிட, மல்லித்தண்ணியும் கஞ்சியும் குடித்து ஒரு நாள் படுப்பது கணக்கிலும் மிச்சமே. வயிற்றோட்டம் என்றால் ஜீவனி எனும் உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே படுக்க வேண்டும்.

வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடுவது வேறு விடயம். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தம் சோதிக்கத்தான் வேண்டும். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் பரவியபோது, வெள்ளம் நின்ற வயலிலும் வாய்க்காலிலும் கால் வைத்தவர்களின் காய்ச்சலைச் சும்மா காய்ச்சல் என்று விடக்கூடாது என்பதை ஊர் கற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் யாழ் நகர் வரை ஓட வேண்டியதில்லை. மந்திகையிலும் தெல்லிப்பழையிலும் சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. தூரம் பாதியானால் எதில் போவது என்ற கேள்வியின் கனமும் பாதியாகும்.

நெஞ்சு நோ, மூச்சு முட்டல், ஒரு பக்கக் கைகால் சோர்வு, மயக்கம், வலிப்பு ஆகியவற்றுக்கு மேலே சொன்ன எந்த வழியும் இல்லை. 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும் வந்துவிட்டது. காசு கேட்பார்களோ என்ற தயக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டியில் போகிறவர்கள் இன்னும் இருப்பதால் இலவசம் என்பதை மீண்டும் எழுதுகிறேன்.

## நோயை வைத்துப் பார்த்தால்

| உடல்நிலை | போகும்போது | திரும்பும்போது |
|---|---|---|
| காய்ச்சலில்லாத தடிமன் | தானே ஓட்டலாம், கிட்டிய தூரம், பகல் | நித்திரைக் குளிசை எடுக்காதிருந்தால் தானே |
| காய்ச்சல், குளிர் நடுக்கம் | ஓட்டோ. உடம்பில் பிடி இருந்தால் ஒருவரின் பின்னால் | அதே வழி, மழையென்றால் ஓட்டோ |
| காய்ச்சல் விட்டபின் சோர்வு, எழும்பினால் கண் இருட்டு | ஓட்டோ, துணையோடு. நிற்கவே முடியாவிட்டால் 1990 | மறித்து வைப்பார்கள் என்று எண்ணிப் போகவும் |
| வயிற்றோட்டம், சத்தி | ஓட்டோ | ஓட்டோ |
| கண் கிளினிக் | பஸ் | துணையோடு பஸ் அல்லது ஓட்டோ |
| வெறுவயிற்று இரத்தச் சோதனை, நீரிழிவு | ஒருவரின் பின்னால் | சாப்பிட்ட பின் எதிலும் |

## வண்டியை விட்டுவிட்டு வருவது

எவ்வளவு எழுதினாலும் பலர் வண்டியில்தான் போவார்கள். அப்படிப் போனவர் அங்கே நித்திரைக் குளிசை போட்டபின், அல்லது ஊசி போட்டபின், இந்த வண்டியை இங்கே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அதற்காகவே ஓட்டிக்கொண்டு திரும்புகிறார். நான் வல்லையால் வந்ததும் அதே காரணத்துக்காகத்தான். நெல்லியடிப் பக்கம் போகும் 750ஆம் இலக்கப் பஸ் நிலையத்தில் நின்றது, கிளினிக் வாசலில் வண்டியை விட மனம் வரவில்லை.

விட்டுவிட்டு வருவது அவ்வளவு கடினமும் இல்லை. புறப்படும்போதே நகரில் உள்ள ஒரு சொந்தக்காரர் வீட்டிலோ தெரிந்த கடையிலோ நிறுத்திவிட்டு மிச்சத் தூரத்தை நடந்தோ ஓட்டோவிலோ போனால், திரும்பும்போது முடிவு நம் கையில் இருக்கும். ஹான்டில் லொக் போட்டு, வாகனப் புத்தகத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் இருக்கைக்கு அடியில் இருந்து எடுத்து, சாவியைக் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும். என் வீட்டில் இப்போது மற்றச் சாவி தம்பியிடம் இருக்கிறது. அடுத்த நாள் காலை அவன் பஸ்ஸில் போய் வண்டியை எடுத்துவருவான்.